வெள்ளையாக விட்ட கட்டங்கள்

வலியசாலை,
திருவனந்தபுரம்,
நவம்பர் 8

என் அன்பு மீராவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இது உன் கைக்கு வரும்போது இருமல், ஜலதோஷம் ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று பத்மநாபனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் வினயும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதியும் விட்டேன், ஆனால் இரண்டு பக்கம் போனதும் அந்த வரியை நானே அடிக்கும்படி ஆகும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வீடியோவில் மூக்கை மட்டும் காட்டுகிற அப்பாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினால் வினய் பார்க்கிறான், உனக்குத் தனியாக எழுதலாம் என்று போன வாரம் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். என்னப்பா டெலீட் பண்ணினேள் என்று நீ கேட்டாய், குட்மார்னிங் படம் தப்பாகப் போய்விட்டது என்று சொன்னேன். அழிக்க வழி இருக்கிற இடத்தில் என்னால் உண்மை எழுத முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் பேப்பர் படிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாளையத்தில் லைப்ரரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் ஒருவர் மலையாளப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அதன்மேலேயே தூங்குகிறார். வேறு யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

முதலில் வீட்டு விஷயம். வினய் கல்யாணம் தை ஒன்பது என்று நிச்சயமாகிவிட்டது உனக்குத் தெரியும். அம்மா கிழக்கேகோட்டை ஜவுளிக் கடைகளுக்கும் வீட்டுக்குமாக ஆட்டோவிலேயே குடியிருக்கிறாள். உனக்கு எடுத்த புடவை மாம்பழக் கலர், நீ கேட்ட கலர் இல்லை, கேட்டால் அந்தக் கலர் கல்யாணத்துக்கு ஆகாது என்கிறாள், நீயே பேசிக்கொள். ஆர்யா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். கரமனையில் பிறந்து வளர்ந்த பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், என்னிடமே நான் போட்ட பந்தி லிஸ்டில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. வினய் டெக்னோபார்க்கில் அவனோடு வேலை பார்க்கிறவர்களுடன் சேர்ந்து காலை ஐந்தரைக்கு சங்குமுகம் கடற்கரையில் ஓடுகிறான். டிசம்பர் பதினாலாம் தேதி ஏதோ இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டமாம், அதற்கு இப்போதே நெஞ்சில் குத்துகிற நம்பர் துணி வந்துவிட்டது, அதைப் பூஜை அறையில் வைத்து அம்மா குங்குமம் இட்டாள். அவனுக்கு ஷூ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்றாவது ஜோடி வாங்கியிருக்கிறான். குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பில் கடிக்கிறது என்கிறான், அம்மா எண்ணெய் தடவி விடுகிறாள். அந்தக் காலை அவள் மடியில் வைத்துத் தேய்க்கும்போது நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன், சொல்ல வராமல் புடவைக் கலரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

நீ இப்போது படிக்கிற எடின்பரோவிலேயே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்று நான் சந்தோஷப்படவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். ஸ்டாட்டிஸ்டிக்கல் ஜெனெட்டிக்ஸ் என்றாய், ஆயிரக்கணக்கான பேரின் ரத்தத்தை எடுத்து, பரம்பரையாக வருகிற மரபணுவில் எந்த எழுத்து மாறிப்போனவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கிற வேலை என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். நான் கேட்ட முதல் கேள்வி, ஏம்மா, உனக்கு வேற வியாதியே கெடைக்கலயா? நீ சிரித்தாய். அப்புறம் நான் எடின்பரோ தூரம் என்றேன், நாலு வருஷம் அதிகம் என்றேன், இங்கேயே ஒரு பாங்க்கில் உன் படிப்புக்கு வேலை இருக்கிறது என்று விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பாவுக்குப் பெண்ணைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய், அம்மாவும் அப்படித்தான் நினைத்து என்மேல் இரக்கப்பட்டாள். அது இல்லை மீரா. நீ எண்ண ஆரம்பித்தால் ஒருநாள் எங்களையும் எண்ணுவாய் என்று பயந்தேன்.

ஆகஸ்டில் நீ ஒரு படிவம் அனுப்பினாயே, உன் பேராசிரியை எல்லா மாணவர்களையும் அவரவர் குடும்ப மரத்தை வரைந்து கொண்டுவரச் சொன்னார் என்று. ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், செத்துப்போனவர் மேல் ஒரு கோடு, நெஞ்சு நோய் இருந்தால் கறுப்பு. செத்த வயது, செத்த காரணம் என்று எழுத இரண்டு காலி இடம். முப்பத்திரண்டு வருஷம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து, ஓர் இடம் நிரப்பாத படிவத்தைக்கூட உள்ளே விடாதவன் நான், என் மேஜைக்கு வரவே பையன்கள் பயப்படுவார்கள். அந்த நான் உன் படிவத்தை எப்படி நிரப்பினேன் தெரியுமா? வரன் பார்க்க வருகிறவர்களுக்குக் குடும்ப விவரம் எழுதிக் கொடுப்போமே, அப்படி நிரப்பினேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை, கை தானாகவே அப்படி எழுதிற்று. நம் தெருவில் குடும்ப விவரம் என்றாலே அதற்கு ஒரு முறை உண்டு, யாரும் சின்ன வயதில் சாவதில்லை, செத்தால் அது ஜுரம் அல்லது விபத்து. நீ அதை வைத்து மரம் வரைந்து படம் அனுப்பினாய். எல்லாக் கட்டமும் வெள்ளை. நம்மாத்து வம்சம் எவ்வளவு க்ளீன் பாருங்கோப்பா என்று கீழே எழுதி, கை தட்டுகிற பொம்மை மூன்று போட்டிருந்தாய்.

இப்போது உன் பெரியப்பா அனந்தன். கோயில் குளத்துப் படியில் கால் வழுக்கி, தலை அடிபட்டுப் போனார் என்று நீங்கள் இருவரும் கேட்டு வளர்ந்தீர்கள். அனந்தன் வழுக்கவில்லை. அன்று நாங்கள் இரண்டு பேரும்தான் குளிக்கப் போனோம். அவனுக்கு முப்பத்தெட்டு, எனக்கு முப்பது. நாலாவது படியில் உட்கார்ந்தான், நெஞ்சு என்னவோ பண்றதுடா நீலு என்றான், நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் முட்டியில் தலையை வைத்துக் குனிந்துவிட்டான், அவ்வளவுதான். தண்ணீரில் காலே வைக்கவில்லை அவன். என் தங்கை, உங்கள் சிவகாமி அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போன திருச்சூர்க்காரர்கள் அந்த வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வருவதாக இருந்தது. நானும் அனந்தனும் ஒன்பதும் பதினேழுமாக இருந்தபோது எங்கள் அப்பா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனவர், அவருக்கு நாற்பத்துநாலு, அதை விஷ ஜுரம் என்று சொல்லி மூடி வைத்திருந்தோம். இப்போது மூத்த பிள்ளையும் அதே மாதிரி என்றால் அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? மேலே ஆள் வருகிற சத்தம் கேட்டது. நான் அனந்தனின் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அவன் தோளில் போட்டேன், கால் வழுக்கித்து, கால் வழுக்கித்து என்று கத்தினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் வாயில் தானாக வந்தது. அந்தப் படியில் இனி யாரும் விழக்கூடாது என்று அடுத்த மாதம் தெருக்காரர்கள் சேர்ந்து இரும்புக் கைப்பிடி போட்டார்கள். இன்றைக்கும் இருக்கிறது. குளத்துக்கு இறங்கும்போதெல்லாம் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன், என் வயதுக்கு அது தேவையாகவும் இருக்கிறது.

அவன் மட்டும் இல்லை. என் சித்தப்பா முப்பத்தொன்பதில், என் அப்பாவோடு கூடப்பிறந்த அத்தை ஐம்பத்தொன்றில். எல்லோருக்கும் ஒரே மாதிரி, காலையில் எழுந்து காபி குடித்தவர்கள் மத்தியானம் இல்லை. எல்லோருக்கும் கண் இமையில் மூக்கோரமாக மஞ்சளாக ஒரு தடிப்பு இருக்கும், உனக்குச் சொல்லியிருக்கிறேன், சந்தனக்கண். பிறக்கும்போதே சாமி சந்தனம் இட்டு அனுப்பிய வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், என்னைப் பார்க்க வந்தபோது உன் அம்மா வீட்டார்கூட அதைச் சொல்லித்தான் சந்தோஷப்பட்டார்கள். அது சந்தனம் இல்லை, பரம்பரையாக ரத்தத்தில் மிஞ்சிப் படிகிற கொழுப்பு, நெஞ்சை அடைப்பதும் அதுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போனேன், ஹரிகுமார் என்று பெயர். என் கண்ணைப் பார்த்தார், குதிகாலுக்கு மேலே நரம்பை விரலால் அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாரே, இது ஒராளுக்கு மாத்திரம் வர்ற அசுகம் இல்ல, பிள்ளைகளையும் கூட்டிட்டு வரணும், கேட்டோ என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினம் ஒன்று, ஆயுசுக்கும். பூஜை அலமாரியில் இருக்கிற லேகிய டப்பாவில் இருப்பது லேகியம் இல்லை. பதினொரு வருஷமாக நான் மட்டும் சாப்பிடுகிறேன். உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அப்போது உனக்குப் பதினாறு, அவனுக்கு இருபது. போனால் ஒரு காகிதம் தருவார்கள், அந்தக் காகிதம் வெளியே தெரியும், அப்புறம் உங்கள் கல்யாணம் என்ன ஆவது என்று ஒரு வருஷம் தள்ளினேன், அப்புறம் இன்னொரு வருஷம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, என் மகளிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

மகாளயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தர்ப்பணத்தில் நம்மாத்தில் போனவர்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும், உனக்குத் தெரியும். சாஸ்திரிகள் அடுத்த பேரைச் சொல்லுங்கோ, அடுத்த பேரைச் சொல்லுங்கோ என்று அவசரப்படுத்துகிறார், அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அப்பா, சித்தப்பா, அத்தை, அனந்தன். எந்த வயது, எந்தக் காரணம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இத்தனை வருஷம் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பேருக்கும் உன் படத்தின் வெள்ளைக் கட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அனந்தன் பேர் வரும்போது தண்ணீர் கையிலேயே நின்றுவிட்டது. உடம்புக்கு என்ன என்று சாஸ்திரிகள் கேட்டார், தொண்டை கட்டித்து என்றேன்.

அப்படியும் உனக்கு எழுதவில்லை பார். போன மாதம் நீ போனில் சொன்னாயே, நோய் உள்ளவர்கள் ஒரு கூட்டம், நோய் இல்லாத குடும்பத்து ஆட்கள் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம், நீ இரண்டாவது கூட்டத்தில் பேர் கொடுத்திருக்கிறாய், அதில் உன் கொலஸ்டிரால் முன்னூற்றிருபது வந்திருக்கிறது என்று. எல்லாம் இந்த ஊர் சீஸ்தான் என்று சிரித்தாய். அப்புறம் சிரிக்காமல், அப்பா, நம்மாத்துலே யாருக்காவது உண்டா, இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்கோ என்றாய். ஸ்பீக்கரில் அம்மா இருந்தாள், வினய் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இல்லை என்றேன். படிவத்தில் எழுதினது பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த இல்லையை அப்படிச் சொல்ல முடியாது. கேட்டது நீ, கேட்டது உன் உயிருக்காக. ஆகையால் இப்போது பதில் சொல்கிறேன், உண்டு. நாளைக்கே உன் பேராசிரியையிடம் போய் உன் பேரை அந்தக் கூட்டத்திலிருந்து எடுக்கச் சொல். ஒரு ரிஜிஸ்டர் நம்பர் இடம் மாறினால் ஒரு கல்லூரியின் ரிசல்ட்டே தப்பாகப் போகும் என்பது எனக்குத் தெரியாதா? உன்மேல் கோபித்துக்கொண்டால், படிவத்தை நிரப்பியது என் அப்பா, கையெழுத்து அவருடையது என்று சொல். டாக்டரைப் பார், மாத்திரை தந்தால் தட்டிக் கழிக்காதே, நான் அறுபத்தாறு வயதில் உட்கார்ந்து எழுதுவதே அந்த மாத்திரையால்தான். எனக்காக ஆராய்ச்சி வேண்டாம் என்று பதில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாயே, முப்பதாம் தேதி கடைசி நாள் இல்லையா, அதைக் கிழித்துப் போடு. அந்த இடத்தை எடுத்துக்கொள். நாலு வருஷம் ஆகட்டும், ஆறு ஆகட்டும். எங்களை எண்ணு.

இனி வினய். அவன் கண்ணில் சந்தனம் வந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று நமஸ்காரம் பண்ணி எழுந்தபோது பார்த்தேன், இடது கண்ணில், பச்சைப் பயறு அளவு. உனக்கு அனுப்பிய படங்களில் தெரியாது, போட்டோக்காரன் முகத்தில் கறை என்று நினைத்து அழகாக அழித்துக் கொடுத்துவிட்டான். ஷூ கடிக்கிற அந்த இடத்துத் தடிப்பும் எனக்கு இருப்பதுதான், அனந்தனுக்கு இருந்ததுதான், எந்தக் கடை ஷூ வாங்கினாலும் கடிக்கும். தினமும் காலை அவன் வெளிக் கேட்டைத் திறக்கிற சத்தம் வந்ததும் எழுந்து வாசலில் நிற்கிறேன். அவன் திரும்பி வந்து சட்டை நனைய நின்று மூச்சு வாங்குகிற வரை பல்கூடத் தேய்ப்பதில்லை. என்னப்பா, வாட்ச்மேன் வேலையா என்று கேலி செய்கிறான். ஓடாதே என்றால் ஏன் என்பான், ஏன் என்று சொன்னால் அவன் அப்படியே நேரே கரமனைக்குப் போய் ஆர்யாவிடம் சொல்லிவிடுவான், அவன் சுபாவம் உனக்குத் தெரியும், பென்சில் திருடினதைக்கூட டீச்சரிடம் தானே போய்ச் சொன்னவன். சம்பந்தி நிச்சயதார்த்தத்தன்று, உங்க பக்கம் எல்லாரும் தீர்க்காயுசுதானே என்று கேட்டார், நான் என்னைப் பாருங்கோ, அறுபத்தாறு என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். சொன்னால் கல்யாணம் நிற்குமோ என்று பயம். சொல்லாவிட்டால் டிசம்பர் பதினாலு ஓட்டம். திருச்சூரில் சிவகாமி அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கும் சொல்ல வேண்டும், சொன்னால் நனைந்த துண்டு வரைக்கும் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டின சுவர்தான் நிற்கிறது. இன்னொன்றும் உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆர்யா ஒருவேளை, அதுக்கென்ன, மாத்திரைதான் இருக்கே என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவாளோ என்றும் தோன்றுகிறது. அப்படிச் சொல்லிவிட்டால் முப்பத்தாறு வருஷம் நான் எதற்கு இப்படி வாழ்ந்தேன்? கல்யாணம் நிற்பதைவிட அதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன் போலிருக்கிறது.

அவனுக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சனிக்கிழமைதோறும் உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது அவன் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். மலையாளத்தில் எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி வருகிறது. வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும், முகத்துக்கு நேரே.

இதோடு உன் படிவத்தைப் புதிதாக நிரப்பி வைத்திருக்கிறேன், எல்லா இடமும், ஒன்றுகூட விடவில்லை. மரத்தையும் ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறேன். நாலு பேருக்கும் கறுப்பு மையில் நிரப்பிவிட்டேன், என் கட்டத்தையும் சேர்த்து ஐந்து. வினயின் கட்டத்தையும் உன் வட்டத்தையும் பென்சிலால் வரைந்து வெறுமனே விட்டிருக்கிறேன், அதை நிரப்ப எனக்கு அதிகாரம் இல்லை. இங்கிருந்து புளிமூட்டுத் தபாலாபீசுக்கு நடந்து போய் ரிஜிஸ்டரில் போடப் போகிறேன், நேற்றே விசாரித்தேன், பன்னிரண்டு நாள் ஆகுமாம். கவுண்டரில் கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்டாலும் தரமாட்டார்கள், அதையும் விசாரித்துக்கொண்டேன்.

அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காயை உப்பு அதிகம் என்று தூக்கிப் போடாதே, தயிர் சாதத்துக்கு ஒரு துண்டு போதும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நல்ல படிப்பும் நீண்ட ஆயுசுமாக இருக்க வேண்டும், இந்தத் தடவை ஆயுசு என்ற வார்த்தையை வாடிக்கையாக எழுதவில்லை.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இது உன்னை வந்து சேர்வதற்குள் நான் வினயிடம் சொல்லியிருந்தால் அவன் உன்னைக் கூப்பிட்டிருப்பான். இந்த வரியைப் படிக்கிற வரைக்கும் அவன் கூப்பிடவில்லை என்றால் எனக்கு வாய் வரவில்லை என்று தெரிந்துகொள். அப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே, நான் இன்னும் இரண்டு நாள் பொறு என்பேன். நேரே அவனைக் கூப்பிடு. காலை ஐந்தரைக்கு முன்னால் கூப்பிடு.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அப்பா
நீலகண்டன்